கைத்தொலைபேசி எங்களுடையது, அதன் வாசல் யாருடையது?

2025 ஆகஸ்ட் 25ஆம் திகதி கூகுள் நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. தொழில்நுட்பத் துறையில் இருப்பவர்களைத் தவிர, எங்கள் பக்கத்தில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. தேர்தல், காணி, மின்கட்டணம், விலைவாசி என்று பேசுவதற்கு ஆயிரம் விடயங்கள் இருக்கும்போது, கைத்தொலைபேசியில் செயலி நிறுவுவது பற்றிய விதி மாற்றம் யாருக்குத்தான் செய்தியாகத் தெரியும்?

ஆனால் அந்த அறிவித்தலை வாசித்தபோது ஒரு சொல் என்னை நிறுத்தியது. பதிவு. வடக்கு கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு அது வெறும் நிர்வாகச் சொல் அல்ல.

அறிவித்தலின் சாரம் இதுதான். கூகுளின் சான்று பெற்ற அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசி ஒன்றில் ஒரு செயலியை நிறுவ வேண்டுமானால், அந்தச் செயலியை உருவாக்கியவர் கூகுளிடம் தன்னைப் பதிவுசெய்திருக்க வேண்டும். சட்டபூர்வமான பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் அரசாங்க அடையாள ஆவணத்தையும் காட்ட வேண்டும். கூகுளின் ப்ளே ஸ்டோரில் செயலிகளை வெளியிடுபவர்களுக்கு இது பழைய விதி. ப்ளே ஸ்டோர் பக்கமே போகாமல், தன்னுடைய சொந்த இணையத்தளத்தில் ஒரு செயலியை வைத்துப் பகிர்பவருக்கும் இனி அதே விதி என்பதுதான் புதியது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கி, 2027 முதல் ஏனைய நாடுகளுக்கும் இது விரிவுபடுத்தப்படும் என்று கூகுள் கூறியது. அந்த ஏனைய நாடுகளுக்குள் நாங்களும் அடங்குகிறோம்.

இரண்டு கடைகள்

முதலில், ஒரு செயலி எங்கள் கைக்கு எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ ஒரு போன் கடைக்குப் போனால், புதிய போனைப் பெட்டியில் இருந்து எடுத்து, ஜீமெயில் கணக்கையும் திறந்து, வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் எல்லாவற்றையும் கடைக்காரரே போட்டுத் தந்துவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையுடன் பேசுவதற்காகப் போன் வாங்கும் ஓர் அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. அந்தச் செயலிகள் எங்கிருந்து வந்தன, வேறு செயலிகள் ஏன் வரவில்லை என்ற கேள்வி எழுவதும் இல்லை.

உலகில் பாவனையில் உள்ள கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ அனைத்தும் இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று அப்பிள் நிறுவனத்தின் ஐபோன். மற்றையது கூகுளின் அன்ட்ரொய்ட் மென்பொருளில் இயங்கும் ஏனைய போன்கள். எங்கள் ஊர்களில் மலிவு காரணமாக இரண்டாவது வகையே அதிகம்.

ஐபோனுக்கு ஒரே ஒரு வாசல். அப்பிளின் அப் ஸ்டோரில் இல்லாத செயலியைச் சாதாரணப் பாவனையாளர் ஒருவர் நிறுவ முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் வேறு கடைகளுக்கும் இடம் கொடுக்க வேண்டிய நிலை அப்பிளுக்கு ஏற்பட்டது. அது அப்பிள் விரும்பிச் செய்த ஒன்றல்ல, சட்டம் கட்டாயப்படுத்தியது. இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை.

அன்ட்ரொய்ட் போனுக்கு முன்வாசலும் உண்டு, படலையும் உண்டு. முன்வாசல் ப்ளே ஸ்டோர். படலை என்பது ஏ.பி.கே. எனப்படும் கோப்பு. அதை ஓர் இணையத்தளத்தில் இருந்து தரவிறக்கலாம், நண்பர் ஒருவர் புளூடூத்தில் அனுப்பலாம், ஒரு மெமரி கார்டில் கொண்டுவந்தும் கொடுக்கலாம். போன் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். சம்மதம் என்று அழுத்தினால் செயலி நிறுவப்பட்டுவிடும். எஃப்-ட்ரொய்ட் என்ற இலவசச் செயலிக் களஞ்சியம் 2010இல் இருந்து இந்த வழியில்தான் இயங்கிவருகிறது. அங்கு கணக்குத் திறக்கவும் தேவையில்லை, பெயர் கொடுக்கவும் தேவையில்லை. 2025 செப்டெம்பரில் அந்தக் களஞ்சியத்தை நடத்துபவர்கள், கூகுளின் புதிய விதி தாங்கள் இதுவரை இயங்கிய முறைக்கே முடிவுகட்டிவிடும் என்று பகிரங்கமாக எச்சரித்தார்கள்.

படலையை முற்றாக மூடவில்லை என்பது கூகுளின் பதில். உண்மைதான். படலை இருக்கும், அதனூடாக வரும் பொருளைச் செய்தவர் கூகுளிடம் பெயர் பதிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செயலி எழுதுபவர்களுக்கும் ஒரு சிறு அளவிலான கணக்கு தருவதாகவும் கூகுள் சொன்னது. எதிர்ப்புகள் எழுந்த பின்னர், ஆபத்தை அறிந்தே பதிவுசெய்யப்படாத செயலியை நிறுவ விரும்பும் அனுபவமுள்ள பாவனையாளர்களுக்குத் தனியான ஒரு வழி அமைக்கப்படும் என்று 2025 நவம்பரில் அறிவித்தது. இந்த விட்டுக்கொடுப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை. எதிர்த்துக் கேட்டதால் கிடைத்தது அது. ஆனால் எச்சரிக்கைத் திரை ஒவ்வொன்றும் கூடும்போது, அதைத் தாண்டிப் போகக்கூடியவர்களின் தொகை குறைகிறது. நான் மேலே சொன்ன அம்மா அந்த அனுபவமுள்ள பாவனையாளர்களில் ஒருவராக இருக்கப்போவதில்லை.

பாதுகாப்பு என்ற நியாயம்

கூகுள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. ப்ளே ஸ்டோரில் காணப்படுவதை விட, இணையத்தில் நேரடியாகத் தரவிறக்கப்படும் மூலங்களில் தீங்கு செய்யும் மென்பொருள் 50 மடங்குக்கும் அதிகம் என்பது அந்த நிறுவனத்தின் கணிப்பு. கணிப்பைச் செய்தவரும் கடைக்குச் சொந்தக்காரரும் ஒருவரே என்றாலும், இந்த வாதத்தைத் தூக்கி எறிய முடியாது. வங்கிச் செயலி போலவும் பொதிச் சேவை போலவும் வேடமிட்டு வட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளால் ஏமாற்றப்படுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் முதியவர்கள், தொழில்நுட்பம் பழகாதவர்கள், அவசரமாகப் பணம் தேவைப்பட்டவர்கள். பெயர் தெரியாத மோசடிக்காரனுக்கு ஒரு தடையைப் போடுவது தவறு என்று நான் வாதிடப்போவதில்லை.

ஆனால் முன்வாசல் எவ்வளவு பாதுகாப்பானது என்பதையும் கேட்க வேண்டும். நுண்கடன் எங்கள் பெண்களை என்ன செய்தது என்று இந்த வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வேலையை விரைவாகச் செய்ய வந்தவைதான் உடனடிக் கடன் செயலிகள். இந்தியாவிலும் கென்யாவிலும் இவை கடன் வாங்கியவரின் போனில் உள்ள தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எடுத்துவைத்து, தவணை தவறினால் உறவினர்களுக்கு அழைத்து அவமானப்படுத்தின. அவற்றில் பல முன்வாசலால், ப்ளே ஸ்டோரில் இருந்து, முறைப்படி வந்தவை. கடன் செயலிகள் பாவனையாளரின் படங்களையும் தொடர்பு இலக்கங்களையும் தொடக்கூடாது என்று கூகுள் விதித்த தடை 2023 மே 31இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்துவிட்டன.

ஆகவே பெயர் பதிந்த எல்லோரும் நல்லவர்கள் அல்ல, பெயர் பதியாத எல்லோரும் கள்வர்கள் அல்ல. போலி நிறுவனம் ஒன்றைப் பதிவுசெய்து ஆவணம் காட்டுவது மோசடிக்காரனுக்கு ஒரு செலவு மட்டுமே. உண்மையான காரணத்துக்காகப் பெயரை மறைக்க வேண்டியவருக்குத்தான் அது கடக்க முடியாத தடை.

வாயிற்காப்போனிடம் யார் போகிறார்கள்?

ஊடகக் கற்கையில் முதல் வருடத்திலேயே படிப்பிக்கும் கோட்பாடு ஒன்று உண்டு. வாயிற்காப்போன் கோட்பாடு. 1950இல் டேவிட் மானிங் வைட் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிறிய பத்திரிகை ஒன்றில் செய்திகளைத் தெரிவுசெய்யும் ஆசிரியர் ஒருவரை ஒரு வாரம் அவதானித்தார். வந்து குவியும் செய்திகளில் எதை எடுப்பது, எதை எறிவது என்பதை அந்த மனிதரின் சொந்த விருப்பு வெறுப்புகள் பெருமளவு தீர்மானித்தன என்று அவர் கண்டார். நாங்கள் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம்.

இன்றைய வாயிற்காப்போன் விடயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வாயிற்காப்போனின் விருப்பு வெறுப்பு ஒரு புறம் இருக்கட்டும். ஒரே வாசல், அதற்கு ஒரே காவலாளி என்று ஆகிவிட்டால், அதிகாரத்தில் இருப்பவர் ஊரெல்லாம் அலையத் தேவையில்லை. அந்த ஒருவரிடம் போய்ச் சொன்னால் போதும். கடந்த பத்து ஆண்டுகளில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

2019 ஒக்டோபரில் ஹொங்கொங்கில் ஆர்ப்பாட்டங்கள் உச்சத்தில் இருந்தபோது, பொலிஸார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொதுமக்களே குறித்துக் காட்டும் வரைபடச் செயலி ஒன்று இருந்தது. சீன ஆளும் கட்சியின் பத்திரிகை அப்பிளைக் கண்டித்து எழுதியது. ஓரிரு நாட்களில் செயலி அப் ஸ்டோரில் இருந்து காணாமல் போனது. பொலிஸாரைத் தாக்குவதற்கு அது பயன்படுத்தப்பட்டதாக அப்பிள் காரணம் சொன்னது. செயலியை உருவாக்கியவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்று மறுத்தார்கள். ஆனால் அதன் இணையத்தள வடிவம் தொடர்ந்து இயங்கியது. இந்த விபரத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

2021 செப்டெம்பர் 17, ரஷ்ய நாடாளுமன்றத் தேர்தலின் முதல் வாக்களிப்பு நாள். ஆளும் கட்சியைத் தோற்கடிக்கக்கூடிய வேட்பாளர் யார் என்று தொகுதிவாரியாகச் சொல்லும் செயலியை அலெக்ஸி நவல்னியின் அணி வெளியிட்டிருந்தது. அன்று காலை அப்பிளும் கூகுளும் அதை நீக்கின. ரஷ்யாவில் உள்ள தங்கள் ஊழியர்கள்மீது வழக்குத் தொடரப்படும் என்ற மிரட்டலின் பின்னரே அவை பணிந்தன என்று அப்போது செய்திகள் வெளியாகின. நவல்னி அப்போது சிறையில் இருந்தார். 2024இல் சிறையிலேயே இறந்தார்.

சீனாவில் 2017 ஜூலையில் வி.பி.என். செயலிகள் நீக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் வட்ஸ்அப்பும் நீக்கப்பட்டது. இந்தியா 2020 ஜூன் 29ஆம் திகதி டிக்டொக் உட்பட 59 செயலிகளை ஒரே உத்தரவில் தடைசெய்தது. நாட்டுப் பாதுகாப்பு என்பது காரணம். எல்லையில் சீனாவுடன் மோதல் நடந்த மாதம் அது.

இவை எல்லாம் சர்வாதிகார நாடுகளிலும் பதற்றமான எல்லைகளிலும் நடப்பவை என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. 2025 ஒக்டோபர் 2ஆம் திகதி, குடிவரவு அதிகாரிகள் தங்கள் அயலில் தென்பட்டால் மக்கள் ஒருவருக்கொருவர் தெரிவிக்கும் ஐஸ்புளொக் என்ற செயலியை அமெரிக்காவில் அப்பிள் நீக்கியது. அமெரிக்கச் சட்டமா அதிபர் பாம் பொண்டி கேட்டுக்கொண்டதை அடுத்தே அது நடந்தது. நீதிமன்றக் கட்டளை எதுவும் இருக்கவில்லை. அந்தச் செயலி ஐபோனுக்கு மட்டும் எழுதப்பட்டது. கடையில் இருந்து நீக்கப்பட்ட பின்னர், அதைப் புதிதாகப் பெறுவதற்கு வேறு வாசல் இருக்கவில்லை.

இந்தச் சம்பவங்களில் ஒவ்வொரு செயலியின் நன்மை தீமை பற்றியும் வாதிடலாம். நான் காட்ட விரும்புவது, அந்தப் போன்களுக்குப் பணம் கொடுத்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதை.

இலங்கையில் வாசல் எப்போது மூடப்பட்டது

இலங்கை அரசு இதுவரை வேறொரு வழியைப் பின்பற்றியது. போனைத் தொடவில்லை, கம்பியில் கைவைத்தது. 2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் நாட்டின் இணைய சேவை வழங்குநர்களால் முடக்கப்பட்டது. போர் அதன் கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். 2018 மார்ச்சில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கையும் மீறி மக்கள் வீதிக்கு இறங்கத் தயாரானபோது, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு மீண்டும் தடை போட்டது.

அந்தத் தடை ஒரு நாள்கூட முழுமையாக நிலைக்கவில்லை. மக்கள் வி.பி.என். செயலிகளைத் தரவிறக்கி, தடையைக் கடந்து போனார்கள். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தானும் வி.பி.என். பாவிப்பதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் ருவிட்டரில் எழுதினார்.

இப்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அன்று வி.பி.என். செயலிகளே கடையில் இல்லாமல் போயிருந்தால்? இது கற்பனை அல்ல. 2024 ஜூலையில் ரஷ்ய அரசின் கோரிக்கைக்கு இணங்கி, அங்குள்ள அப் ஸ்டோரில் இருந்து பல வி.பி.என். செயலிகளை அப்பிள் நீக்கியது. கம்பியில் போடும் தடையை, போனுக்குள் இருக்கும் ஒரு செயலியால் கடக்கலாம். அந்தச் செயலி போனுக்குள் வருவதையே தடுத்துவிட்டால், கம்பித் தடைக்கும் பலம் வந்துவிடும்.

எங்கள் அரசின் கையில் அதற்கான கருவியும் இருக்கிறது. 2024 ஜனவரி 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்கு, இணையத்தில் உள்ள கூற்றுகளை நீக்கவும் அவற்றுக்கான அணுகலைத் தடுக்கவும் பணிப்பதற்கு விரிந்த அதிகாரங்களை வழங்குகிறது. அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சு தொடர்கிறது. சட்டத்தை எதிர்த்தவர்கள் பெரும்பாலும் பேச்சுச் சுதந்திரம் பற்றியே பேசினார்கள், அது சரியானது. ஆனால் ஒரு செயலியை நீக்குமாறு அரசு ஒரு நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் எங்களுக்குத் தெரியவருமா என்ற கேள்வியை யாரும் பெரிதாக எழுப்பியதாக எனக்கு நினைவில்லை.

அரசு என்றால் எங்கள் அரசு மட்டும் அல்ல. 2019 மே மாதம் அமெரிக்கா ஹுவாவி நிறுவனத்தை வர்த்தகத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு வந்த ஹுவாவி போன்களில் ப்ளே ஸ்டோர் இல்லாமல் போனது. வொஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து, எங்கள் ஊரில் அந்தப் போனை வாங்கியவரின் கையில் எந்தச் செயலி இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது. பொருளாதாரத் தடைக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு இது புதிதல்ல. பற்றரி வடக்குக்குப் போகலாமா, மண்ணெண்ணெய் எவ்வளவு போகலாம் என்ற பட்டியலை யாரோ எங்கோ இருந்து எழுதினார்கள். எங்கள் பெற்றோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பட்டியலுக்குள் அடங்காத ஒரு வழி அவர்களுக்கு மிஞ்சியிருந்தது.

பெயரைக் கொடு

இனி, என்னை நிறுத்திய அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்கை நோக்கி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. 2008 செப்டெம்பரில், முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கில் இருந்து வந்து மேல் மாகாணத்தில் வசிப்பவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. போர் முடிந்த பின்னர், 2011இல், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் குடும்பங்களைப் பதிவுசெய்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உயர் நீதிமன்றம் சென்றது. ஒவ்வொரு தடவையும் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்புத்தான். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றும் சில வேளைகளில் சொன்னார்கள்.

கூகுளை இராணுவத்துடன் ஒப்பிடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோக்கங்கள் வேறு. ஆனால் பட்டியல் ஒன்று உருவான பின்னர், அதை உருவாக்கியவரின் நோக்கத்தோடு அது நின்றுவிடுவதில்லை என்பதை நாங்கள் பட்டு அறிந்திருக்கிறோம்.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். கணினி படித்த இளைஞர் ஒருவர், முல்லைத்தீவில் வாழ்பவர், ஒரு சிறிய செயலியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் படங்களையும் சாட்சியங்களையும் பாதுகாப்பாகச் சேமித்து வைப்பதற்கான செயலி அது. அல்லது படையினர் வசம் இன்னும் இருக்கும் காணிகளை மக்களே வரைபடத்தில் குறிப்பதற்கானது. அவர் அதைத் தன் இணையத்தளத்தில் வைத்து, அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் பகிர விரும்புகிறார். தன் பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை. ஏன் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டது. அதன் கீழ் முகநூல் பதிவுகளுக்காகவே இளைஞர்கள் கைதுசெய்யப்பட்டதை நாங்கள் பார்த்தோம்.

இன்று அந்த இளைஞரால் இதைச் செய்ய முடியும். புதிய விதி இங்கு வந்தபின், அவரது பெயரும் முகவரியும் ஒரு கோப்பில் இருக்கும். அது பொதுவெளியில் வராமல் இருக்கலாம். ஆனால் அரசுகள் பாவனையாளர் விபரங்களைச் சட்டரீதியாகக் கேட்பதும், நிறுவனங்கள் அவற்றில் ஒரு பகுதியைக் கொடுப்பதும் உலகெங்கும் வழமை. எத்தனை கோரிக்கைகள் வந்தன என்ற தொகையைக் கூகுளே காலத்துக்குக் காலம் வெளியிடுகிறது. அந்த இளைஞரின் விபரம் கேட்கப்படாமலே போகலாம். கேட்கப்படலாம் என்ற எண்ணமே போதும், அவர் அந்தச் செயலியை எழுதாமல் விட்டுவிடுவார். எழுதப்படாத செயலி எந்தத் தடைப்பட்டியலிலும் வராது. தடுக்கப்பட்டது என்று ஒரு செய்திகூட எழுத முடியாது.

நவம்பர் மாதங்களில் மாவீரர் நாள் படங்களும் பதிவுகளும் சமூக ஊடகங்களில் இருந்து காரணம் சொல்லப்படாமல் மறைவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். குறைந்தபட்சம் அங்கு ஒரு பதிவு இருந்தது, அது நீக்கப்பட்டது என்றாவது சொல்ல முடிகிறது.

உள்ளே திணிப்பதும் அதே கைதான்

எதை வெளியே நிறுத்துவது என்று தீர்மானிக்கக்கூடிய வாசலால், எதை உள்ளே திணிப்பது என்றும் தீர்மானிக்கலாம். ரஷ்யாவில் 2025 செப்டெம்பர் 1 முதல் விற்கப்படும் போன்களில் மக்ஸ் என்ற உள்நாட்டுச் செய்திச் செயலி முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் 2025 நவம்பர் இறுதியில், சஞ்சார் சாத்தி என்ற அரசாங்கச் செயலியைப் புதிய போன்கள் அனைத்திலும் நிறுவித்தான் விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. திருட்டுப் போன்களைக் கண்டுபிடிக்க அது உதவும் என்றார்கள். எதிர்க்கட்சிகளும் தனியுரிமைச் செயற்பாட்டாளர்களும் பெரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். டிசெம்பர் 3ஆம் திகதி அந்தக் கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அதிலிருந்து எடுக்க வேண்டியது என்னவென்றால், இந்த விதிகள் இயற்கையின் சட்டங்கள் அல்ல. மனிதர்கள் போட்டவை. சத்தம் எழுந்த இடங்களில் மாறியிருக்கின்றன.

எங்களால் முடிந்தது

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு அப்பிளின் ஒற்றை வாசலைத் திறக்க வைத்தது. ஜப்பானில் அதே நோக்கில் கொண்டுவரப்பட்ட சட்டம் 2025 டிசெம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அவை பெரிய சந்தைகள், நிறுவனங்களால் இழக்க முடியாதவை. சுமார் 2 கோடியே 20 இலட்சம் மக்கள் வாழும், கடனில் மூழ்கிய இலங்கைக்கு அந்தப் பலம் இல்லை. அந்த நாட்டுக்குள் நாங்கள் இன்னும் சிறிய தொகையினர். ஆகவே கொழும்பும் எங்களைக் காப்பாற்றாது, கலிபோர்னியாவும் காப்பாற்றாது என்ற இடத்தில் நின்றுகொண்டுதான் யோசிக்க வேண்டும்.

முதலாவது, எங்கள் ஊடகங்களும் அமைப்புகளும் செயலிகளை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. ஹொங்கொங் வரைபடத்தின் இணையத்தள வடிவம் பிழைத்தது என்று மேலே குறிப்பிட்டேன். போனின் உலாவியில் திறக்கக்கூடிய இணையத்தளத்துக்குக் கடைக்காரரின் அனுமதி தேவையில்லை. தளத்தையும் முடக்கலாம், தமிழ்நெற்றுக்கு நடந்தது அதுதான். ஆனால் இரண்டு வாசல்களை மூடுவது ஒன்றை மூடுவதை விடக் கடினம்.

இரண்டாவது, சாட்சியங்களைச் சேகரிப்பவர்கள் எந்த ஒரு நிறுவனத்தின் செயலியிலும் அவற்றைத் தனியே விட்டுவைக்க வேண்டாம். பிரதிகள் வெவ்வேறு இடங்களில், முடிந்தால் வெவ்வேறு நாடுகளில், இருக்கட்டும். புலம்பெயர்ந்த உறவுகள் பணத்துக்கு அப்பால் உதவக்கூடிய இடம் இது.

மூன்றாவது, எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க ஒரு தெளிவான விடயம் இருக்கிறது. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் திருத்தப்படுவதாக இருந்தால், ஒரு செயலியை நீக்குமாறோ ஒருவரின் விபரத்தைத் தருமாறோ அரசு எந்த நிறுவனத்துக்கு விடுக்கும் கோரிக்கையும் நீதிமன்றக் கட்டளையுடன் மட்டுமே போக வேண்டும், குறித்த காலத்துக்குள் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும் என்ற வாசகங்கள் அதில் இடம்பெற வேண்டும். இது தமிழர்களுக்கான தனிக் கோரிக்கை அல்ல. 2022இல் காலிமுகத்திடலில் நின்ற சிங்கள இளைஞர்களுக்கும் இது தேவை. அவர்களோடு சேர்ந்து கேட்கக்கூடிய மிகச் சில கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

நான்காவது, யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் கணினி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செயலி எழுதக் கற்றுக்கொடுக்கும்போது, அது எந்த வாசலால் போகிறது, வாசலை யார் காக்கிறார், அவர் என்ன கேட்பார் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

இந்த விதி 2027இல் இங்கு வரும்போது எந்த வடிவத்தில் இருக்கும் என்பது, அதற்கு முன்னர் எத்தனை நாடுகளில் எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. முதலில் அமுலாகும் நான்கு நாடுகளில் என்ன நடக்கிறது என்று நாங்கள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கு பதிய மறுத்த சிறு செயலிகளுக்கு என்ன ஆனது, கூகுள் வாக்களித்த தனி வழி உண்மையில் எத்தனை பேருக்குத் திறந்தது என்பதை அறிந்துகொள்ள எங்களுக்குச் சில மாதங்கள் கிடைக்கின்றன. பதிவுகளைப் பற்றி நாங்கள் வழக்கமாக அவை முடிந்த பிறகே பேசியிருக்கிறோம். இம்முறை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.